தொப்பிக்காரர் உயரம்

திண்டுக்கல், பேகம்பூர்
7-10-2024

அன்பு மகள் நுஸைபாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

முந்தாநாள் காலையில் நம் கடை வாசலில், இரண்டு தூண்களுக்கு நடுவே நான் மாட்டிக்கொண்டேன். ஒரு கக்கத்தில் செருப்புத் தோல் சுருள், இன்னொரு கக்கத்தில் பெல்ட்டுத் தோல் சுருள். முன்னால் போக முடியவில்லை, பின்னால் வர முடியவில்லை. சுருளைக் கீழே போட்டிருந்தால் வெளியே வந்திருக்கலாம். அந்த யோசனை எனக்கு வரவில்லை. எதிரே சாவிக்கடை சூசைமுத்து நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அசையாதீங்க பாய். பூட்டுல சாவி மாதிரி கச்சிதமாப் பொருந்தியிருக்கீங்க. எந்தப் பக்கம் திருப்பணும்னுதான் தெரியல" என்றார்.

கடைசியில் அவரே வந்து ஒரு சுருளை உருவினார். அதற்குள் பள்ளிக்கூட ஆட்டோ ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தது.

என்ன தூண், யார் வைத்தது என்று கேட்பாய். பக்ரீத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தாயே, விக்டோரியா ராணி காலத்தில் தகட்டில் வெட்டி அச்சடித்த படம். வெள்ளைக்காரர்களுடைய பெரிய வியாபாரக் கட்டடம், முன்னால் வரிசையாக ஆறு தூண், மேலே முக்கோண நெற்றி, வாசலில் உயரத் தொப்பி போட்ட ஒரு மனுசர், குடை பிடித்த அம்மா, ஒரு நாய், ஒரு குதிரை வண்டி. அதைப் பார்த்துத்தான் கடையின் முகப்பைக் கட்டினேன். போன வாரம் சாரம் பிரித்தார்கள். பிரித்த பிறகுதான் கொஞ்சம் இடைஞ்சலாக இருப்பது தெரிகிறது.

கடிதம் எதற்கு என்று நினைக்காதே. ஜூனில் நீ பெட்டியைத் தூக்கும்போது சொன்னது நினைவிருக்கிறது. "போன்ல பேசினா சிரிச்சே தப்பிச்சிருவீங்க. சொல்றதுக்கு எதாச்சும் இருந்தா எழுதுங்க" என்றாய். நாலு மாதமாகிறது. நீ அம்மாவுடன் பேசும்போதெல்லாம் நான் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறேன். மூச்சைக்கூட மெதுவாக விடுகிறேன். போன வாரம் தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்து அடக்கியதில் ரெண்டு நாள் காது அடைத்துக்கொண்டது.

அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவள் சொல்லித்தான் எழுதுகிறேன்.

எழுத வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். தாள் முடிந்துவிட்டது.

உன் அத்தா,
அப்துல் வாஹித்


கொல்கத்தா
15-10-2024

அத்தாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருந்தது. திருப்பிப் பார்த்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே பூஜை விடுமுறை முடிந்து நேற்றுதான் வேலைக்குப் போனேன். தும்மலை அடக்காதீர்கள், காதுக்குக் கெடுதி. நீங்கள் பக்கத்தில் இருப்பது எனக்கு முதல் வாரத்திலேயே தெரியும். அந்த நாற்காலி கிறீச்சென்று சத்தம் போடும்.

தூணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் "உங்கத்தா அனுப்பக் கூடாதுன்னு தடுத்து வச்சிருக்காரு" என்கிறார் அம்மா. எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். முகப்பு எத்தனை அடி? தூண் எத்தனை, ஒவ்வொன்றும் என்ன பருமன்? அந்த அளவு எங்கிருந்து வந்தது? அந்தப் படத்தில் அளவே கிடையாது. எதை வைத்து அளந்தீர்கள்?

இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

நுஸைபா


திண்டுக்கல்
22-10-2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தில் நாலு கேள்வி, ஒரு விசாரிப்பு. மருந்துச்சீட்டு மாதிரி இருந்தது. பரவாயில்லை, மருந்துதானே.

முகப்பு பதினெட்டு அடி. தூண் நாலு. ஒவ்வொன்றும் மூன்றடி பருமன். கணக்குப் போட்டால் நடுவில் மூன்று சந்து வரும், சந்துக்கு இரண்டடி. இந்தக் கணக்கைத் தூண் வைப்பதற்கு முன்னால் யாராவது போட்டிருக்கலாம். நான் பத்தாவதில் கணக்கில் பதினேழு மார்க். அழகர் கொத்தனார் ஐந்தாவதோடு நின்றவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பிவிட்டோம்.

அளவு எப்படி எடுத்தோம் என்று சொல்கிறேன். அழகர் படத்தைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துக்கொண்டு ஒரு நூலை எடுத்தார்.

"பாய், இந்தத் தொப்பிக்காரரு எம்புட்டு ஒசரம் இருப்பாரு?"

"தொப்பியோடயா, தொப்பி இல்லாமயா?"

"தொப்பியக் கழட்டியே வச்சுக்குவோம்."

"வெள்ளைக்காரன்ல. அஞ்சரை அடிக்குக் கொறையாது."

அவ்வளவுதான். நூலால் தொப்பிக்காரரை அளந்தார், அதே நூலைத் தூணில் வைத்தார். தூணின் பருமன் அவர் உயரத்தில் பாதி. "ரெண்டே முக்காலு. மூணாவே வச்சுக்குவோம், கணக்குக்கு லேசு" என்றார். உயரம் பார்த்தால் முப்பது அடிக்குப் போனது. நம் கடை பன்னிரண்டு அடி. உயரத்தைக் குறைத்தோம். பருமனையும் குறைக்கட்டுமா என்று கேட்டார். "அதுல கை வைக்காதீங்க, படத்துல உள்ளபடியே இருக்கட்டும்" என்று நான்தான் அடம் பிடித்தேன். இப்போது பார்க்கிறவர்கள் தூண் என்று சொல்வதில்லை. நெல் கொட்டும் குதிர் என்கிறார்கள்.

உச்சியில் இரண்டு பக்கமும் சுருண்டு ஒரு வேலைப்பாடு இருக்கிறதே, அதை அழகர் ஆட்டுக்கொம்பு என்று எடுத்துக்கொண்டார். "தோல் கடைக்குப் பொருத்தமாத்தான் வெள்ளைக்காரன் வச்சிருக்கான் பாய்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நல்ல கிடாக்கொம்பாகவே வந்திருக்கிறது.

இன்னொன்று. படத்தில் ஒவ்வொரு தூணுக்கும் வலப்பக்கச் சுவரில் சாய்வாக நெருக்கி நெருக்கிக் கோடு இருக்கும். அழகர் அதையும் விடவில்லை. பூச்சு ஈரமாக இருக்கும்போதே ஆணியை வைத்துக்கொண்டு ரெண்டு நாள் உட்கார்ந்து சுவர் முழுக்கக் கோடு இழுத்தார். முடித்த பிறகுதான் மெதுவாகக் கேட்டார், "ஏன் பாய், இது நெழலா இருக்குமோ?"

ஊரில் பெயர் மாறிவிட்டது. சூசைமுத்து தினமும் காலையில் "பேங்க் எப்ப பாய் திறப்பு?" என்கிறார். அவர் கேலி செய்தால் போகட்டும். நேற்று நிலக்கோட்டைப் பக்கமிருந்து மல்லிகை போடுகிற ஒரு அம்மா, சண்முகவள்ளி என்று பெயர், பூ மூட்டையை வேனில் ஏற்றிவிட்டு நேரே உள்ளே வந்து தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி, நகைக்கடன் எந்தச் சன்னல்ல?"

"இது தோல் கடைம்மா."

"இம்புட்டுத் தூண வச்சுக்கிட்டுத் தோலா விக்கிறீக?"

மாட்டுக்கு மணி கட்டும் வார் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். விலையைப் பாதிக்குப் பாதி குறைத்துக் கேட்டார். கேட்டால், "வசதியாத்தான இருக்கீக" என்று தூணைக் காட்டுகிறார்.

இப்போது சொல், இதை என்ன செய்யலாம்? நீ படித்தவள். இரண்டு பக்கமும் எழுதிவிட்டேன்.

அத்தா


கொல்கத்தா
1-11-2024

அன்புள்ள அத்தா,

உங்கள் கடிதத்தை நூலகத்தில் மேஜை மேல் வைத்துப் படித்தேன். "நெழலா இருக்குமோ" என்ற இடத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேலதிகாரி எழுந்து வந்து கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவரும் உட்கார்ந்துவிட்டார். அழகர் அண்ணன் நிழலைக் கட்டிவிட்டார் அத்தா. அந்தப் படத்தில் கருப்பு மை பூசிய இடமே கிடையாது. நிழல், மேகம், குதிரையின் வயிறு எல்லாம் கோடுதான். தகட்டில் ஊசி போன்ற உளியால் ஒவ்வொன்றாக வெட்டியது.

தூணுக்கு வருகிறேன். உங்களை ஏமாற்றியது அழகர் அண்ணன் இல்லை, தொப்பிக்காரர்.

அந்தக் காலத்தில் பேங்க், பஞ்சுக் கிட்டங்கி, இன்சூரன்ஸ் கம்பெனி என்று கட்டியவர்கள் பழைய கிரேக்க, ரோமானியக் கோயில்களைப் பார்த்து முகப்பு வைத்தார்கள். கோயில் மாதிரி இருந்தால் பணத்தை நம்பிக் கொடுப்பார்கள். சண்முகவள்ளி அம்மா தோட்டைக் கழற்றினாரே, அதற்காகத்தான் அந்தத் தூண். கட்டி முடித்ததும் படம் வெட்டச் சொல்லி ஊரெல்லாம் அனுப்புவார்கள், விளம்பரத்துக்கு. வெட்டுகிறவர் முதலாளி மனம் குளிரப் பக்கத்து வீட்டை எடுத்துவிடுவார், தெருவை அகலமாக்குவார். முக்கியமாக, மனிதர்களைச் சின்னதாக வரைவார். மனிதன் சின்னதாக நின்றால் கட்டடம் பெரிதாகத் தெரியும். அந்தத் தொப்பிக்காரர் உண்மையில் மூன்றேகால் அடிதான். அவரை அஞ்சரை அடி என்று நம்பி நீங்கள் தூண் வைத்தீர்கள். உண்மையான தூண் ஒன்றே முக்கால் அடிக்கு மேல் இருக்காது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், படத்தில் தூணுக்குக் கீழே இருக்கிற வாசல் படி. எந்த ஊரிலும் மனிதன் ஏறுகிற படி ஆறேழு அங்குலம்தான். நாங்கள் படியை எண்ணித்தான் அளப்போம். படத்தில் மனிதனை நம்பாதீர்கள் அத்தா, படியை நம்புங்கள்.

இதுதான் என் வேலை. இந்த மாதிரிப் படங்கள் இங்கே நாலாயிரம் இருக்கின்றன. கரையான் தின்றது, ஈரத்தில் ஒட்டிக்கொண்டது, மடிப்பில் கிழிந்தது. அவற்றைக் கழுவி, காயவைத்து, கிழிசல் சேர்த்து, என்ன படம், யார் வெட்டியது என்று எழுதி வைக்கிறேன்.

நீங்கள் இதுவரை ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை.

பக்ரீத்துக்கு நான் வந்திருந்தபோது வத்தலக்குண்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். "பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். நான் டீத்தட்டோடு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வேலைன்னு என்ன, பழைய காகிதம் ஒட்டுற வேலை. நிக்காஹ் ஆனா ஜலதோஷம் மாதிரி அதுவாப் போயிரும்." எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள்தான் முதலில் சிரித்தீர்கள்.

அந்த இடம் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் மாப்பிள்ளை இல்லை. அந்தச் சிரிப்புதான்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? இதற்குப் பதில் எழுதாமல் தூணைப் பற்றி மட்டும் எழுதினால் நான் இனிமேல் பதில் போடமாட்டேன். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

நுஸைபா


திண்டுக்கல்
11-11-2024

அன்பு மகளுக்கு,

இங்கே நல்ல மழை. குடகனாற்றில் தண்ணீர் போகிறதாம். தூண்களுக்கு நடுவில் ரெண்டு ஆடு ஒதுங்கி நிற்கின்றன. ஆட்டுக்கொம்புக்குக் கீழே ஆடு நின்றால் சூசைமுத்து சும்மா இருப்பாரா. "டெபாசிட் போட வந்திருக்கு பாய்" என்கிறார். அம்மா நலம். உன் கேள்விக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அத்தா


திண்டுக்கல்
30-11-2024

நுஸைபாவுக்கு,

நீ பதில் போடவில்லை. சொன்னபடி செய்துவிட்டாய். நீ அம்மாவோடு பேசும்போது நான் இப்போது பக்கத்தில் உட்காருவதில்லை. மாடிப்படியில் உட்கார்ந்துகொள்கிறேன். உன் குரல் கேட்காது, அம்மா சொல்வது மட்டும் கேட்கும். "சாப்டியா", "சரி", "ம்", "சரி". அதை வைத்து நீ என்ன சொல்லியிருப்பாய் என்று கணக்குப் போடுவேன். என் கணக்குதான் உனக்குத் தெரியுமே.

இந்தக் கடிதத்தை ஐந்து தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வரியில் ஒரு கேலி வந்துவிடுகிறது.

அந்தப் பெரியவர் கேட்டபோது வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது, உன் வேலை என்னவென்று எனக்குத் தெரியாது. நீ மதுரையில் மூன்று வருஷம் படித்தாய், அப்புறம் எங்கெங்கோ படித்தாய், கல்கத்தாவில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாய். நான் கேட்டதெல்லாம் "சாப்பாடு எப்படி", "ரூம்ல கொசு இருக்கா" என்று மட்டும்தான். நான் எதையாவது சொல்லி, அவர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பெற்ற மகளைப் பற்றித் தெரியாதவன் என்று பத்துப் பேர் நடுவில் ஆகிவிடும். அதனால் சிரிக்க வைத்துவிட்டேன். சிரித்த பிறகு யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே இதுதான் என் வழி. இங்கிலீஷ் சார் அர்த்தம் கேட்டால் ஏதாவது கோணங்கித்தனம் செய்வேன். வகுப்பே சிரிக்கும், அவரும் அடுத்த பையனிடம் போய்விடுவார். அப்படியே ஐம்பத்து நாலு வருஷம் ஓட்டியாகிவிட்டது. தெரியாததை எல்லாம் சின்னதாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன்.

என்னைச் சின்னதாக்கிக்கொள்வது எனக்குப் பழக்கம். அன்றைக்கு உன்னையும் சேர்த்து மடித்துவிட்டேன்.

நீ போன மூன்றாம் நாள்தான் அந்தப் படத்தைப் பிரித்தேன். கடையில் தோல் சுருளுக்குப் பின்னால் காகிதம் சுற்றியபடியே கிடந்தது. பெருநாளன்று நீ கொடுத்தபோது "நல்லாருக்கு" என்று சொல்லி வாங்கி வைத்தவன்தான், பிரிக்கவில்லை. பின்பக்கம் பென்சிலில் பொடி எழுத்தாக எழுதியிருந்தாய். "வலது கீழ் மூலையில் மூன்று அங்குலக் கிழிசல். சீர்செய்தது நுஸைபா."

முன்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கிழிசலைக் காணோம். தோல் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். நாய் நிற்கிற இடத்திலிருந்து குதிரை வண்டிச் சக்கரம் வரை ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். காணோம். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவினேன். உனக்குத் தெரியும், ஆட்டை உரிக்கும்போது உள்பக்கம் கத்தி லேசாகப் பட்டிருந்தால்கூட இந்தக் கட்டைவிரலுக்குத் தெரியும். வாணியம்பாடி வியாபாரிகள் என்னை வைத்துத்தான் சரக்குப் பார்ப்பார்கள். முப்பது வருஷத்தில் இந்த விரல் ஏமாந்ததில்லை. உன் ஒட்டு அதற்கு அகப்படவில்லை.

கடையில் யாரும் இல்லை. நல்லவேளை.

அதற்கப்புறம்தான் தூண் கட்டினேன். உன் படத்தை நான் பார்த்துவிட்டேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். போனில் கூப்பிடக் கூடாது. எழுதத் தெரியவில்லை. கட்டிவிட்டேன்.

நான் சொன்னது தப்பு. ஒட்டுகிற வேலை என்று சொன்னேனே, அந்த ஒட்டு என்ன ஒட்டு என்று தெரியாமல் சொன்னேன். மன்னித்துக்கொள் தாயி.

அத்தா


கொல்கத்தா
8-12-2024

அன்புள்ள அத்தா,

உங்கள் கடிதத்தைப் படகுத்துறையில் படித்தேன். வேலை முடிந்து நான் ஹூக்ளி ஆற்றைப் படகில்தான் தாண்டிப் போவேன். அன்றைக்கு இரண்டு படகை விட்டுவிட்டேன். டிக்கெட் கிழிக்கிறவர் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "எங்கத்தா கடிதம் போட்டிருக்கிறார்" என்றேன். ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து அவர் பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். காலேஜ் ஹாஸ்டலில் இருந்தபோது அத்தா என்ன செய்கிறார் என்று கேட்டால் "பிசினஸ்" என்று சொல்வேன். தோல் என்று ஒருநாளும் சொன்னதில்லை. லீவு முடிந்து திரும்பும்போது பையில் கடை வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் ரூமுக்குள் போவேன். நீங்கள் பத்துப் பேர் நடுவில் செய்ததை நான் ஒரு ஹாஸ்டல் நடுவில் செய்திருக்கிறேன். உங்களிடம் கோபப்பட்டுக்கொண்டே இருந்ததால் இது எனக்கு நினைவே வரவில்லை.

போன வாரம் என் மேஜையில் ஒரு தோல் அட்டைப் புத்தகம் வந்தது. அட்டையைத் தடவிப் பார்த்து "ஆடு, செம்மறி இல்லை, வெள்ளாடு" என்றேன். எப்படித் தெரியும் என்றார்கள். "எங்கத்தாவுக்குத் திண்டுக்கல்லில் தோல் கடை" என்றேன். அந்த அறையில் அதை முதல் தடவையாகச் சொன்னேன்.

இத்துடன் ஒரு வரைபடம் இருக்கிறது. நடுவில் உள்ள இரண்டு தூணையும் இடித்துவிடுங்கள். அவை எதையும் தாங்கவில்லை, பயப்பட வேண்டாம். ஓரத்து இரண்டையும் ஒன்றேகால் அடிக்குச் செதுக்க வேண்டும். பன்னிரண்டு அடி உயரத்துக்கு அதுதான் கண்ணுக்கு இதம். ஆட்டுக்கொம்பு இருக்கட்டும், சின்னதாக்கினால் போதும். சுவரில் உள்ள நிழல் கோடுகளில் கைவைக்க வேண்டாம் என்று அழகர் அண்ணனிடம் சொல்லுங்கள். கடை தெற்குப் பார்த்தது. மார்கழி, தை மாதங்களில் சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் மேற்கே சரியும்போது நிஜ நிழல் வந்து அந்தக் கோடுகள் மேல் விழ வேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சரியாக விழுகிறதா என்று பார்க்க 24-ஆம் தேதி வருகிறேன். ஒரு வாரம் லீவு. யாரும் பெண் பார்க்க வரக் கூடாது. தூண் பார்க்க மட்டும்தான்.

இறங்கும்போது ஸ்டேஷனுக்கு வாருங்கள். சிரிக்கலாம், தப்பில்லை.

உங்கள் நுஸைபா


கொல்கத்தா
6-1-2025

அன்புள்ள அத்தா,

சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மா கொடுத்த முறுக்கை ஆபீசில் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள். உங்கள் தொடை வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி இறங்கியதால் என்று சொன்னீர்கள். நான் இருந்த ஒரு வாரத்தில் நீங்கள் மாடி ஏறி நான் பார்க்கவில்லை.

ஒன்று உங்களிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். சனிக்கிழமை செருப்புக்கடைக்காரர் ஒருவர் வந்து தோல் பார்த்துக்கொண்டிருந்தாரே, "மக என்ன பண்ணுது பாய்?" என்று கேட்டார். நான் சுருள்களுக்குப் பின்னால் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னீர்கள், "நூத்தம்பது வருசத்துக் காகிதத்துக்கு வைத்தியம் பாக்குது. கிழிஞ்ச எடத்தச் சேத்தா எங்கையாலயே கண்டுபிடிக்க முடியாது. நாலாயிரம் படம், எல்லாம் அது பொறுப்பு." அப்புறம் ஒரு சிரிப்பு வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அவர் மேற்கொண்டு ரெண்டு கேள்வி கேட்டார். ரெண்டுக்கும் பதில் சொன்னீர்கள். ஒன்று கொஞ்சம் தப்பு. பரவாயில்லை.

தூண் முன்னால் எடுத்த போட்டோவை எங்கள் ஆபீஸ் சுவரில் ஒட்டியாகிவிட்டது. நிழல் கோடுகளின் மேல் நிழல் விழுந்திருப்பதைப் பார்த்து எல்லோரும் ஒருமுறை கிட்டே போய்ப் பார்க்கிறார்கள். கீழே "கடை முகப்பு, திண்டுக்கல். அளவுக்காக நிற்பவர் அப்துல் வாஹித், ஐந்தடி ஆறு அங்குலம்" என்று எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு சிக்கல். போட்டோவில் உங்கள் உயரத்தை வைத்துத் தூணை அளந்தால் பதின்மூன்று அடி வருகிறது. அழகர் அண்ணன் டேப்பில் பன்னிரண்டு. ஓரடி எங்கிருந்து வந்தது? மனிதனை நம்பாதீர்கள், படியை நம்புங்கள் என்று உங்களுக்கு எழுதிய நானே உங்களை வைத்து அளந்துவிட்டேன். டேப்பை இன்னொரு தடவை பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

போனும் பண்ணலாம் அத்தா. ஆனால் எழுதுவதை நிறுத்த வேண்டாம்.

நுஸைபா


திண்டுக்கல்
13-1-2025

அன்பு மகளுக்கு,

முந்தாநாள் போனில் பேசியபோது நீ இதைக் கேட்டாய். "பாக்குறேம்மா" என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

அழகரைக் கூப்பிட்டு டேப்பைப் பிடிக்கச் சொன்னேன். மூன்று தடவை பிடித்தார். மூன்று தடவையும் பன்னிரண்டு. "கல்கத்தாவுல அடி வேற மாதிரியா பாய்?" என்று கேட்டார். தூணை இடிக்கச் சொன்னபோது முகத்தைத் தூக்கி வைத்திருந்தவர், இப்போது நாலு மணிக்கு வேலையிடத்திலிருந்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார். "அந்த நெழலு நம்ம போட்டது" என்று காட்டிவிட்டு, செத்த நேரம் நின்றுவிட்டுப் போகிறார். சூசைமுத்துவும் நாற்காலியை மறுபடி தன் கடைப் பக்கமே திருப்பிவிட்டார். கேலி செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை என்று வருத்தத்தில் இருக்கிறார். பேங்க்கை மூடிவிட்டேனாம்.

என் உயரத்தையும் பார்த்தோம். அம்மா என்னைச் சுவரோடு நிறுத்தி, தலைமேல் புத்தகத்தை வைத்து, பென்சிலால் கோடு போட்டாள். ஐந்தடி ஆறு. மயிரிழை குறையவில்லை.

"அப்ப போட்டோலதான் எதோ கோளாறு" என்றாள் அம்மா.

"ஆமா, போட்டோலதான்" என்றேன்.

அன்றைக்கு நீ ரோட்டுக்கு அந்தப் பக்கம், சாவிக்கடை வாசலில் நின்றாய். நிழல் மெல்ல நகர்ந்து வந்து கோடுகள் மேல் சரியாக உட்கார்ந்தது. நீ கையை ஆட்டி, "அளவுக்கு ஒரு ஆள் வேணும், தூண் பக்கத்துல போய் நில்லுங்கத்தா" என்றாய். நின்றேன். "நல்லா நிமிந்து நில்லுங்க" என்றாய்.

"நிமிந்துதாம்மா நிக்கிறேன்" என்று கத்தினேன்.

முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. நீ ஏழெட்டுப் படம் எடுத்து முடிக்கிறவரைக்கும் முழங்கால் ரெண்டையும் மடக்கிக்கொண்டு நின்றேன். கைலி மறைத்துக்கொண்டது. தூண் நீ போட்டது, கொஞ்சம் உயரமாகத் தெரியட்டும் என்று.

அத்தா